கப்பலைச் சுமந்த ஹவ்ழ்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் என்பது ஒரு கனவு. 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எங்கள் அரபுக் கல்லூரி மாணவர்கள் பதினெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு திருகோணமலைக்குப் புறப்பட்டபோது, அவர்களிற் பலர் அதுவரை கடலைக் கண்ணால் கண்டதேயில்லை. ஸுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பஸ் ஏறினோம். தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஊர்கள் பின்னோக்கி ஓட, தம்பலகாமத்து வயல்வெளிகளைத் தாண்டியதும் காற்றில் உப்பு மணந்தது. பஸ்ஸுக்குள் அதுவரை தூங்கிக் கொண்டிருந்தவர்களும் எழுந்து ஜன்னலோரம் கூடிவிட்டார்கள்.

சீனக்குடாப் பக்கமிருந்து கிண்ணியாப் பாலத்தில் ஏறினோம். 396 மீற்றர் நீளமான பாலம் அது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் திறக்கப்பட்டது. நான் மாணவனாக இருந்த நாட்களில் இந்த இடத்தில் பாலம் இல்லை, "பாதை"தான் இருந்தது. கிழக்கு மாகாணத்தில் பாதை என்றால் தெரு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். பாதைக்காகக் கரையில் காத்திருந்த அந்த நாட்களை மாணவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் காதில் அது விழவில்லை. அவர்களுடைய கண்களெல்லாம் தண்ணீரிலேயே இருந்தன.

கிண்ணியாவில் என் பழைய வகுப்புத் தோழர் ஒருவர் எங்களை வரவேற்றுப் பகலுணவு தந்து, மாணவர்கள் குடாவைச் சுற்றிப் பார்ப்பதற்காக ஒரு படகுக்காரரையும் ஏற்பாடு செய்திருந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மீனவர். பெயர் வேண்டாம்; நானா என்றே எழுதுகிறேன்.

"எத்தனை பேர் ஹஸரத்?" என்று கேட்டார்.

"பிள்ளைகள் பதினெட்டுப் பேர். என்னோடு பத்தொன்பது."

"அப்ப ரெண்டு தரமாப் போவம். ஒன்பது ஒன்பது பிள்ளைகள்."

எனக்கோ அவசரம். அஸருக்குள் எல்லோரும் கரைக்கு வந்து, இரவுக்கு முன்னர் தங்குமிடம் போய்ச் சேர வேண்டும். "எல்லாம் சின்னப் பிள்ளைகள்தானே நானா! வள்ளமும் பெரிசாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் நெருங்கி இருந்தால் ஒரே தடவையில் முடிந்துவிடும். இரண்டு தரத்துக்கும் உள்ள காசை நான் தருகிறேன்" என்றேன்.

"காசுக்குச் சொல்லல்ல ஹஸரத். பின்னேரமாச்சு எண்டா கச்சான் எழும்பும். என்ர வள்ளம் எவ்வளவு தாங்கும் எண்டு எனக்குத் தெரியும். கடல் எங்கயும் போயிராது. ரெண்டாந் தரமும் அங்கதான் இருக்கும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. மாணவர்களுக்கு முன்னால் உஸ்தாதின் சொல் எடுபடாமல் போனால் யாருக்குத்தான் வராது? இன்னும் ஒரு முறை வற்புறுத்திப் பார்த்தேன். அவர் பதில் சொல்லாமல் உயிர்காப்பு அங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கொண்டிருந்தார். வேறு வழியின்றி ஒன்பது பேரைக் கரையில் தோழரின் பொறுப்பில் விட்டுவிட்டு, மற்ற ஒன்பது பேருடன் நான் ஏறினேன்.

ஏறிய பின்னும் அவர் விடவில்லை. பருத்த பிள்ளைகளை நடுவில் இருத்தினார். இந்தப் பக்கம் நால்வர், அந்தப் பக்கம் நால்வர் என்று பார்த்துப் பார்த்து மாற்றினார். வகுப்பறையில் நான் கூட இவ்வளவு கவனமாகப் பிள்ளைகளை இருத்தியதில்லை.

குடாவின் அகன்ற நீர்ப்பரப்புக்கு வந்ததும் வலப்பக்கம் கொட்டியாரக் குடா விரிந்தது. நாட்டின் நீளமான நதியாகிய மகாவலி வந்து கடலில் கலக்குமிடம் அதுதான். இடப்பக்கம், மலைக்குன்றுகள் கைகோத்துக் காப்பது போல் நின்ற இடத்தைக் காட்டி, "அதுக்குள்ளதான் துறைமுகம்" என்றார் நானா. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப் புத்தகத்தில் படித்த வரிக்கு அன்றுதான் உருவம் கிடைத்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து இடப்பக்கம் சாய்ந்தார்கள். வள்ளமும் அவர்களோடு சேர்ந்து சாய்ந்தது.

நானா உடனே எஞ்சினை நிறுத்தினார். "நடுவுக்கு வாங்க! இருங்க!" அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. ஆனால் அந்த இரண்டு சொற்களில் இருந்த கண்டிப்பு எல்லோரையும் இருத்திவிட்டது. என் கைகள் பலகையை இறுகப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பத்தொன்பது பேராக ஏறியிருந்தால் என்ற எண்ணம் அப்போது வராமல் இல்லை.

பிள்ளைகளின் பயத்தைத் தணிக்கவோ என்னவோ, நானா பேசத் தொடங்கினார். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் "சகாயிங்" என்ற பழைய கப்பலைக் கடற்படைச் சுழியோடிகள் துறைமுகத்தின் அடியிலிருந்து மிதக்க வைத்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது எரிந்த கப்பல் அது. எழுபத்தைந்து வருடங்களுக்கு மேல் கிடந்ததை மாதக்கணக்கில் பாடுபட்டு, ஓட்டைகளை அடைத்து, நீரை இறைத்து மேலே கொண்டு வந்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த காலம்.

"அதை விடப் பெரிய கதை ஒண்டு இருக்கு ஹஸரத்" என்றார் நானா. "எங்கட மூத்தப்பா வெள்ளைக்காரன்ட டொக்யாட்ல கூலி வேலை செஞ்சவர். கப்பலைத் தூக்குற டொக் ஒண்டு இந்தத் துறைமுகத்தில மிதந்தது. அது ஒரு பெரிய போர்க்கப்பலைத் தூக்கக்குள்ள நடுவால முறிஞ்சு தாண்டு போச்சு. முறிச்சது கப்பல்ட பாரமில்ல, தண்ணி இறைச்ச முறை பிழை எண்டு மூத்தப்பா எப்பவும் சொல்லுவார்."

"எப்படி முறியும்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

நானா, மீன் போடும் ரிஜிபோம் பெட்டியின் மூடியை எடுத்தார். தண்ணீரில் வைத்தார், மிதந்தது. நங்கூரக் கல்லொன்றை அதன் நடுவில் வைத்தார். சற்றே தாழ்ந்து, அப்போதும் மிதந்தது. "இப்ப கீழ இருக்கிற தண்ணி முழு மூடியையும் தாங்குது. பாருங்க" என்று சொல்லிவிட்டு, மூடியின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து மேலே தூக்கினார். நடுவில் கல், இரு பக்கமும் கை. படார் என்று மூடி இரண்டாக முறிந்தது. கல் நீருக்குள் போயிற்று. கயிறு கட்டியிருந்ததால் அதை மீண்டும் இழுத்தெடுத்தார். மூடி போனது போனதுதான். அது அவருக்கு மறுநாள் தொழிலுக்கு வேண்டிய சாமான். எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதற்காக அதை முறித்தார்.

கரைக்கு வந்து அடுத்த ஒன்பது பேரை அவர் ஏற்றிச் சென்றபோது, நான் முதற் குழுவுடன் மரநிழலில் அமர்ந்திருந்தேன். கப்பல் தூக்கும் டொக்கை அரபு மொழியில் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "அல் ஹவ்ழுல் ஆஇம்", அதாவது மிதக்கும் ஹவ்ழ். பள்ளிவாசலில் நாம் வுழூச் செய்யும் நீர்த்தொட்டிக்குச் சொல்லும் அதே ஹவ்ழ்தான்! பள்ளி ஹவ்ழில் தண்ணீர் உள்ளே நிற்கும். இந்த ஹவ்ழிலோ தண்ணீரை வெளியேற்றினால்தான் வேலை நடக்கும். இன்னொன்றும் சொன்னேன். கப்பல் கட்டும் தளத்தை நம் முன்னோர் "தாருஸ் ஸினாஆ" என்றார்கள். தொழில் நடக்கும் வீடு என்று பொருள். அந்தச் சொல் மத்தியதரைக் கடலைக் கடந்து இத்தாலி மொழியில் துறைக்குரிய "தர்ஸெனா" ஆயிற்று. ஆயுதச் சாலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் "ஆர்ஸனல்" என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பிள்ளைகள் வியந்தார்கள்.

ஆனால் அவர்களில் ஒருவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் அன்று பதிலிருக்கவில்லை. "ஹஸரத், போர்க்கப்பலையே தூக்குற அவ்வளவு பெரிய சாமானை இங்கே எப்படிக் கொண்டு வந்தார்கள்? யார் அதைத் தூக்கினார்கள்?"

ஆசிரியனுக்கு இதை விட நல்ல பரிசு கிடைக்காது. ஊர் திரும்பிய பின் சில வாரங்கள் அந்தக் கேள்வியோடுதான் கழிந்தன. அப்போது படித்தறிந்தவற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

மிதக்கும் டொக்கைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், மேலே திறந்த பெட்டி போலிருக்கும். அடியில் தட்டையான பெரும் மிதவை. இரு பக்கமும் உயர்ந்த சுவர்கள். முன்னும் பின்னும் திறப்பு. அடித்தளமும் சுவர்களும் உள்ளே வெறுமையான அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அறைகளுக்குள் கடல்நீரை விட்டால் டொக் தாழும். சுவர்களின் உச்சி மட்டும் வெளியே தெரியும் நிலையில் கப்பல் உள்ளே வந்து நிற்கும். பிறகு நீரை இறைத்து வெளியேற்ற, டொக் கப்பலையும் சுமந்துகொண்டு மெல்ல மேலெழும். கப்பலின் அடிப்பாகம் காய்ந்த தரையில் நிற்பது போல் நிற்கும். சுரண்டலாம், தைக்கலாம், வர்ணம் பூசலாம்.

அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போவது தனிக் கலை. பர்மியூடாத் தீவின் பாறை நீர் கசியும் சுண்ணாம்புக் கல்லாக இருந்ததால் அங்கே நிலத்தில் தோண்டி டொக் அமைக்க முடியவில்லை. ஆகவே ஆங்கிலேயர் 381 அடி நீளமான இரும்பு மிதவை டொக் ஒன்றைத் தம் நாட்டிலேயே கட்டினார்கள். 1869ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அதைப் போர்க்கப்பல்கள் முறை வைத்து அத்திலாந்திக் சமுத்திரத்துக்குக் குறுக்கே இழுத்துச் சென்றன. ஏறக்குறைய ஐந்து வாரங்கள் பிடித்தன. கப்பல்களைச் சுமப்பதற்கென்று பிறந்த ஒன்றைக் கப்பல்கள் இழுத்துச் சென்ற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

சிங்கப்பூருக்கான டொக் அதைவிடப் பெரியது. 50,000 தொன் தூக்கக் கூடியது. இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் துண்டு துண்டாகக் கட்டப்பட்ட அதை 1928ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாகப் பிரித்து, ஒல்லாந்து இழுவைக் கப்பல்கள் சுயஸ் கால்வாயூடாக இழுத்து வந்து சேர்த்தன. அங்கே மீண்டும் ஒன்றாகப் பூட்டினார்கள். அதன் தலைவிதியும் விசித்திரமானது. 1942இல் சிங்கப்பூரைக் கைவிடும்போது ஆங்கிலேயரே அதை மூழ்கடித்தார்கள். ஜப்பானியர் அதை எடுத்து மிதக்க வைத்தார்கள். 1945 பெப்ரவரி 1ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் குண்டு வீசி மறுபடியும் மூழ்கடித்தன.

பிரிப்பதும் பூட்டுவதும் எப்படி? இங்கேதான் எனக்கு நானாவின் ரிஜிபோம் மூடி விளங்கிற்று. ஒவ்வொரு துண்டும் தனித்து மிதக்கக் கூடியதாக நீர் புகாத தடுப்புகளுடன் இருக்க வேண்டும். கழற்றுமுன் டொக்கில் ஏற்றியிருக்கும் பாரங்களை இறக்க வேண்டும். பிறகு அறைகளிலுள்ள நீரைக் கூட்டியும் குறைத்தும், பொருத்தின் இந்தப் பக்கத்துத் துண்டும் அந்தப் பக்கத்துத் துண்டும் ஒரே மட்டத்தில் தாமாகவே மிதக்கும்படி செய்ய வேண்டும். அப்போது பொருத்திலே இழுவையும் இருக்காது, நெருக்குதலும் இருக்காது. ஆணிகள் சிரமமின்றிக் கழன்று வரும். அப்படிச் செய்யாமல், ஒரு துண்டு மற்றதைத் தாங்கிக் கொண்டிருக்கும் நிலையில் கழற்றப் போனால், கடைசி ஆணி கழலும் நேரத்தில் இரண்டும் துள்ளும். பக்கத்தில் நிற்பவனின் உயிருக்கு ஆபத்து. ஒன்றைக் கழற்ற முன், எது எதைத் தாங்கி நிற்கிறது என்று அறிந்திருக்க வேண்டும்.

"யார் அதைத் தூக்கினார்கள்?" என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. டொக்கின் அடியிலும் பாசியும் சிப்பியும் பிடிக்கும். அதையும் சுத்தம் செய்தாக வேண்டும். பர்மியூடா டொக்கின் ஒரு பக்கத்து அறைகளை நீரால் நிரப்பி, அதை வேண்டுமென்றே சாய்த்து, மறுபக்கத்து அடிப்பாகத்தை வெளியே எடுத்துச் சுரண்டினார்கள். துண்டுகளாகச் செய்த டொக்குகள் சிலவற்றில் ஒரு துண்டைக் கழற்றி, மற்றத் துண்டுகளின் மேல் ஏற்றித் திருத்துவார்கள். இன்றோ, தன் தளத்தையே நீருக்குள் தாழ்த்தி, மிதக்கும் டொக்கை அப்படியே முதுகில் ஏற்றிக்கொண்டு கடல் கடக்கும் கப்பல்கள் உண்டு. தூக்குகிறவனையும் ஒருவன் தூக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இனித் திருகோணமலைக்கு வருவோம். அங்கே இருந்தது 23ஆம் இலக்க மிதக்கும் டொக். இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயில் கட்டப்பட்டுக் கடல் வழியாக இழுத்து வரப்பட்டது. 1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி அதன் மேல் ஏறிய கப்பலின் பெயர் "வேலியன்ட்". முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட பாரம்; ஏறத்தாழ 640 அடி நீளம். 1916ஆம் ஆண்டின் ஜட்லன்ட் கடற்போரைக் கண்ட கப்பல். 1941 டிசம்பரில் அலெக்சாந்திரியாவில் இத்தாலியச் சுழியோடிகள் வைத்த வெடியில் காயப்பட்டு, அங்கேயும் ஒரு மிதக்கும் டொக்கில் ஏறிப் பிழைத்த கப்பல். இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் சுமாத்திராவை அடுத்த ஸபாங் துறைமுகத்தைத் தாக்கிவிட்டு வந்திருந்தது.

வெடிமருந்துகள் நிறைந்த நிலையிலேயே அது டொக்கில் ஏற்றப்பட்டது. அறைகளின் நீரை இறைத்த ஒழுங்கு, கப்பலின் பாரம் எங்கே எவ்வளவு இறங்குகிறது என்பதற்குப் பொருந்தவில்லை. டொக் முதுகு முறிந்து மூழ்கியது. கப்பல் தப்பியது, ஆனால் அதன் நடு உந்துவிசிறிகள் இரண்டும் ஒரு சுக்கானும் சேதமாயின. திருத்துவதற்காக அலெக்சாந்திரியாவை நோக்கிப் புறப்பட்ட அது, சுயஸ் வரை தட்டுத் தடுமாறிச் சென்றும் சரிவரத் திருப்ப முடியாததால் கால்வாய்க்குள் நுழைய முடியவில்லை. பின்னர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த அந்தக் கப்பல் மீண்டும் போருக்குப் போகவில்லை. 1948இல் பழைய இரும்புக்கு விற்கப்பட்டது. எதிரியின் வெடி முடிக்காததை, தூக்கிவிட வந்த டொக்கில் நடந்த ஒரு பிழை முடித்து வைத்தது.

இவற்றையெல்லாம் மாணவர்களுக்குச் சொன்னேன். ரசித்துக் கேட்டார்கள். நானும் அதை ஒரு நல்ல கதையாகவே மனதில் வைத்திருந்தேன், 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வரை.

அன்று காலை கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தது. பாலம் பயன்பாட்டில் இல்லாத காலத்தில் மக்கள் அந்த மிதவையில்தான் களப்பைக் கடந்து வந்தார்கள். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். சிறு பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். செய்தி கேட்டதும் தோழருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரால் பேச முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. பாதையின் மறுமுனையில் பிள்ளையை எதிர்பார்த்திருந்த பாடசாலையையும், காலையில் சோறு கட்டிக் கொடுத்தனுப்பிய உம்மாவையும் நினைத்துப் பார்த்தேன். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. என்னை நானே கேட்டுக்கொண்டேன். மூன்று வருடங்களுக்கு முன்னர், அதே ஊரில், "கொஞ்சம் நெருங்கி இருந்தால் ஒரே தடவையில் முடிந்துவிடும்" என்று சொன்னவன் நான்தானே? பிறருடைய பிள்ளைகள் பதினெட்டுப் பேரை அமானிதமாகப் பொறுப்பேற்று வந்தவன், அஸருக்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதற்காக இரட்டிப்புக் காசு தருகிறேன் என்று பேரம் பேசினேன். அந்தப் பேரத்துக்கு ஒரு மனிதர் இணங்கியிருந்தால்? என் சொல் எடுபடவில்லையே என்று கோபப்பட்டேனே, அது எடுபடாமல் போனதற்காக இன்று வரை நன்றி செலுத்துகிறேன்.

மறு வருடம் வேறொரு மாணவர் குழுவுடன் கிண்ணியா போனேன். நானாவைத் தேடிப் போய் ஸலாம் சொல்லி, அன்றைய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இருக்கவில்லை. "நாளுக்கு நாலு பேர் அப்படித்தானே கேக்கிறாங்க ஹஸரத்" என்று சிரித்தார். நாலு பேருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறார். நான் ரிஜிபோம் பெட்டி ஒன்று வாங்கிப் போயிருந்தேன். மூடியோடுதான். எதற்கு என்று கேட்டார். சொன்னதும் வெட்கப்பட்டு வாங்கிக் கொண்டார்.

வாசகப் பெற்றோரே, உங்கள் பிள்ளை நாளைக் காலை ஏதாவதொன்றில் ஏறித்தான் பாடசாலைக்குப் போகும். முச்சக்கர வண்டியாக இருக்கலாம், வேனாக இருக்கலாம், தோணியாக இருக்கலாம். அது எத்தனை பேரைத் தாங்கும், இன்று எத்தனை பேரை ஏற்றியிருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். "இடமில்லை, அடுத்த முறை வாருங்கள்" என்று சொல்லும் சாரதியைக் கண்டால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காசு கொடுங்கள்.

நாங்கள் அந்த முறையும் ஒன்பது ஒன்பதாகத்தான் போனோம். கரையில் நின்று பிள்ளைகளை எண்ணிப் பிரித்தவன் நான்.